போகச் சொல்கிற தண்ணீர்

மெழுகு தின்ன வருகிற அந்து
பார்வைக்குக் காய்ந்த இலைத்துண்டு.
ஆறரை மணிக்கு, லயத்தில் பல்புகள் எரியத் தொடங்கும்போது
பெட்டியின் இடுக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும்.
கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற களைப்பில்
நான் அதைத் தட்டிவிட்டதுகூட இல்லை.
பிறகொரு ஞாயிறு வதையைத் தூக்கிப் பார்த்தால்
உள்ளே வெள்ளை நூல் தைத்த சுரங்கங்கள்.
தேன் இல்லை. குஞ்சும் இல்லை.
ஈக்களெல்லாம் வாசலில் கூடி
இருப்பதா கிளம்புவதா என்று
முனகிக்கொண்டிருந்தன.

டர்பன்டைன் இலை இரண்டு கைப்பிடி,
ரோட்டோரத்து மானாப்புல் அரைக் கட்டு,
பூண்டு ஏழு பல், எட்டாவது பருப்புக்கு.
பால்மா டின்னில் கொதிக்க வைத்து
மூன்று இரவு அடுப்புக்குப் பின்னால் மூடி வைத்தேன்.
காம்பரா முழுக்க ஆஸ்பத்திரி வாசமென்று
சோற்றுக் கோப்பையோடு வாசலில் போய் உட்கார்ந்தாள் மகள்.

முதல் கலவை கடுமை.
புழு செத்தது.
ஈயும் செத்தது, நாற்பத்தொன்று.
படங்குச் சாக்கில் பரப்பி ஒவ்வொன்றாக எண்ணினேன்.
தராசடியில் எனக்கு வெட்டுவதுபோல்
நான் ஒன்றையும் வெட்டவில்லை.

இரண்டாவது கலவையில் ஈ சுகம்.
புழுவும் சுகம்.
பூண்டு ருசி பிடித்துப்போய்
இன்னும் கொஞ்சம் கொழுத்திருந்தது.

அன்று மாலை சவரிநாதன்
மடியிலிருந்து ஒரு கால் போத்தலை எடுத்தான்.
மலைக்கு அடிக்கிற பூச்சி மருந்து,
ஸ்டோர்காரன் திரும்பிய நேரத்தில் ஊற்றியது.
'ஒரு மூடி போதும், செல்வமேரி.
ஒரு பூச்சி மிஞ்சாது.'
கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில்
எனக்காக அவன் களவெடுத்தது அது ஒன்றுதான்.
போத்தலை நீட்டிய கையைப் பார்த்தேன்.
நகங்கள் அடியோடு காவி.
பீலியில் எத்தனை தரம் தேய்த்தாலும்
அந்த வாசத்தோடுதான் சோறு பிசைகிறான்.
ஒரு பூச்சி மிஞ்சாது என்றால்
ஈ என்ன, பூச்சி இல்லையா?
கேட்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கலவையை வதைப் பக்கமே கொண்டுபோகவில்லை.
பழைய வேட்டியைக் கீறி, நனைத்து, பிழிந்து,
மூடியின் ஓரத்திலும் பலகை வெடிப்புகளிலும்
திரி திரியாகத் திணித்தேன்.
அவன் பின்னால் நின்று பார்த்தான்.
'சாகுமா?'
'சாகாது. போகச் சொல்லும்.'
'எங்கே? மண்டபம் கேம்புக்கா?'
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.
அவன் பெரியப்பா வீட்டார் தலைமன்னாரில் கப்பலேறியவர்கள்,
ஒரு தகரப் பெட்டி, ஆறு பேர்.
அதன்பிறகு இரண்டு கடிதம்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கையிலிருந்த திரி சொட்டிக்கொண்டிருந்தது.

ஆறரைக்கு வந்தது அந்து.
மூடி ஓரத்தில் உட்கார்ந்து
மீசையை இரண்டு தரம் ஆட்டிவிட்டு
எழுந்து, ஒன்பதாம் காம்பரா பல்பைச் சுற்றப் போய்விட்டது.
அங்கே தேன்பெட்டி இல்லை,
விசாரித்துக்கொண்டேன்.
காட்டில் எங்காவது பாறைப் பொந்தில்
யாருமற்ற ஒரு கூடு இருக்கும்,
அங்கே போயிருக்கலாம்.
போன இடம் எதுவென்று தெரியாத வரைக்கும்
போகச் சொல்வது லேசாகத்தான் இருக்கிறது.

டின்னின் அடியில் மிஞ்சிய கசண்டை
லீக்ஸ் பாத்தி ஓரத்தில் கொட்டினேன்.
இரண்டு நாள் நாறியது, அவ்வளவுதான்.
கால் போத்தலைத்தான் எங்கேயும் கொட்ட முடியவில்லை.
ஓடையில் விட்டால் கீழ்ப் பிரிவு குடிக்கிற தண்ணீர்.
புதைத்தால் என் பாத்தி.
திருப்பிக் கொடுத்தால் அவன் வேலை.
மகளுக்கு எட்டாத உயரத்தில்
கூரை மரத்தில் கட்டித் தொங்குகிறது, நாலு மாதமாக.
காற்றடிக்கும் இரவுகளில்
தகரத்தில் மெல்லத் தட்டும்.

போன ஞாயிறு வதையைத் தூக்கினேன்.
மூன்று விரல் அகலத்துக்குப் புதுக் குஞ்சு.
மூலையில் புழு இரண்டே இரண்டு.
ஈர்க்கால் கிளறி எடுத்துக்
கோழிக்குப் போட்டேன்.
அதற்கு எந்தத் தண்ணீரும் தேவைப்படவில்லை.